கேஸ் குறைந்துவிட்டதாம்... எங்கே போச்சு?

ஏசி குளிரவில்லை என்றுதான் இந்த மாதம் கடிதங்கள் குவிந்திருக்கின்றன. கத்திரி நேரத்தில் வேறென்ன வரும். பாதிக் கடிதங்களில் ஒரே வரிதான்: மெக்கானிக் வந்தார், பார்த்தார், கேஸ் இறங்கிப்போச்சு என்றார். அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

தாம்பரம் வாசகர்: ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி வைத்திருக்கிறேன். மூன்று வருடமாக ஒவ்வொரு மார்ச்சிலும் கேஸ் போடுகிறோம். அந்தக் கோடை நன்றாக ஓடுகிறது, அடுத்த வருடம் திரும்பவும் வெறும் காற்றுதான் வருகிறது. கேஸ் வருடா வருடம் தீர்ந்துதான் போகுமா?

தீராது. எரிந்து தீர்ந்துபோக அது பெட்ரோல் இல்லை. கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசர், உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு காயில் (மடித்து மடித்துச் செய்த குழாய்ச் சுருள்), நடுவில் செம்புக் குழாய் எல்லாம் சேர்ந்து நாலாபக்கமும் அடைத்த ஒரு சுற்று. கம்பெனியில் அடைத்து அனுப்பிய கேஸே பத்து வருடம் ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்கள் எத்தனையோ உண்டு. குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம், அதை அடைக்காமல் மேலே ஊற்றிக்கொண்டே இருந்தால் வருடா வருடம் ஊற்ற வேண்டியதுதான். உங்கள் மெக்கானிக்கிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "சரி, குறைஞ்சிருக்கு, எங்க போச்சு?"

அவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் ஃப்ளேர் நட், அதாவது செம்புக் குழாயை யூனிட்டோடு இறுக்கும் நட். இண்டோர் யூனிட்டுக்குப் பின்னால் இரண்டு, அவுட்டோர் வால்வில் இரண்டு. பாதி லீக் அங்கேதான் இருக்கும், ஏனென்றால் அந்த இணைப்பைக் கம்பெனி போடுவதில்லை, உங்கள் வீட்டில் ஏசி மாட்ட வந்தவர் அவசரத்தில் போட்டது. கேஸ் கசியும்போது கூடவே கம்ப்ரசர் ஆயிலும் கொஞ்சம் வெளியே வரும், அதனால் நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கும் அதன் மேல் தூசியும் ஒட்டியிருந்தால் சந்தேகம் அங்கே விழ வேண்டும். சோப்புத் தண்ணீரை ஸ்பாஞ்சில் தொட்டுத் தடவினால் நுரை பொங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். நட்டில் ஒன்றும் இல்லையென்றால் காயில்தான். கடலோரத்தில் உப்புக்காற்றும், சாக்கடைக் கால்வாய் ஓரத்தில் வரும் அழுகல் வாயுவும் காயிலை அரித்து ஊசிமுனை அளவுக்கு ஓட்டை போட்டுவிடும். உங்களுக்கு ஒரு கோடை முழுக்கத் தாக்குப்பிடிக்கிறது என்றால் பெரிய ஓட்டையாக இருக்காது, அதனால்தான் சோப்புத் தண்ணீருக்கு அகப்படாமல் மூன்று வருடமாக ஏமாற்றிக்கொண்டிருக்கிறது போல.

அப்படிப்பட்ட லீக்குக்கு நைட்ரஜன் ஏற்றி அடைத்து, சில மணி நேரம் அழுத்தம் காட்டும் கேஜ் முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். நைட்ரஜன்தான், ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு யாராவது வந்தால் வாசலிலேயே நிறுத்துங்கள். ஆயில் இருக்கும் சுற்றுக்குள் அழுத்தத்தோடு ஆக்சிஜன் போனால் வெடித்துவிடும், இதில் உயிர் போயிருக்கிறது. லீக்கை அடைத்த பிறகு வேக்கம் பம்ப் மாட்டி அரை மணி நேரமாவது உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுக்க வேண்டும். நம் ஆட்கள் பலர் தாண்டிப்போகிற படி இதுதான். கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டு "காத்து போயிடுச்சு சார்" என்பார்கள். போகாது. உள்ளே தங்கின ஈரம் ஆயிலைக் கெடுக்கும், காற்று கம்ப்ரசரைத் திணறவைக்கும், குளிர்ச்சியும் முழுசாக வராது.

கடைசியாக, கேஸை எடைபோட்டு ஏற்றச் சொல்லுங்கள். எந்தக் கேஸ், எத்தனை கிராம் என்று அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் அச்சடித்திருக்கும். பழைய மெஷின் என்றால் ஆர்22, அப்புறம் வந்ததில் ஆர்410ஏ, இப்போது பெரும்பாலும் ஆர்32. ஆர்22 ஏசி ஓடும்போது கேஜில் 60, 70 பிஎஸ்ஐ அழுத்தம் காட்டும், ஆர்32 அதற்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு காட்டும், அதனால் ஒன்றுக்கு இன்னொன்றை மாற்றி ஊற்றுகிற கதையே கிடையாது. இன்வெர்ட்டர் மெஷினில் கம்ப்ரசர் வேகம் ஏறி இறங்கும்போது கேஜ் முள்ளும் சேர்ந்து ஆடும், அதை மட்டும் பார்த்துக் கேஸ் குறைவு என்று சொல்பவரை நான் நம்ப மாட்டேன். ஆர்32 லேசாகத் தீப்பிடிக்கக் கூடியது, ஆகவே கேஸ் உள்ளே இருக்கும்போது குழாயில் நெருப்பு வைத்து வெல்டிங் செய்ய விடாதீர்கள்.

இதற்கெல்லாம் ஒரு டாப்-அப்பை விட அதிகமாகத்தான் செலவாகும். மூன்று வருடம் கொடுத்த காசைக் கூட்டிப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

வேலூர் வாசகி: மொட்டைமாடிக்கு நேர் கீழே எங்கள் படுக்கையறை. போன மாதம்தான் ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி வாங்கினோம். ராத்திரி 18-ல் வைத்தாலும் பன்னிரண்டு மணி வரை வியர்க்கிறது. கம்பெனி ஆள் வந்து மெஷின் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஏமாற்றுகிறார்களா?

உங்களிடம் ஒரு கேள்வி: விடியற்காலை நான்கு மணிக்குப் போர்வை தேடுகிறீர்களா? ஆமாம் என்றால் அந்த ஆள் சொன்னது சரி, மெஷினில் கோளாறு இல்லை. குற்றவாளி உங்கள் தலைக்கு மேலே இருக்கிறது. பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் தளம் அந்தச் சூட்டைச் சாயங்காலத்திலிருந்து நடுராத்திரி வரை மெதுவாகக் கீழே இறக்கும். ஏசி அறைக் காற்றைக் குளிரவைக்கக் குளிரவைக்கச் சீலிங் மறுபடி சூடாக்கிக்கொண்டே இருக்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறிச் சீலிங்கைத் தொட்டுப் பாருங்கள், கை சொல்லும்.

இன்னொன்று, ஒரு டன் என்றால் மணிக்கு 12,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பத்தை வெளியே தள்ளும் என்று கணக்கு. அந்தக் கணக்கை எடுப்பது வெளியே 35 டிகிரி, உள்ளே 27 டிகிரி இருக்கும்போது. மே மாத வேலூரில் 35 எங்கே இருக்கிறது? 40-ஐத் தாண்டும்போது அதே மெஷின் கொடுக்கிற குளிர்ச்சி குறையும், உங்கள் அறைக்குத் தேவைப்படுவதோ கூடும். கடையில் 120 சதுர அடிக்கு ஒரு டன் போதும் என்று சொல்லியிருப்பார்கள். நடு மாடிக்கு அது சரி. மேல்மாடி, அதிலும் மேற்குச் சுவரில் ஜன்னல் என்றால் ஒன்றரை டன் வாங்கியிருக்க வேண்டும்.

வாங்கியாச்சு, இனி தளத்தைத்தான் கவனிக்க வேண்டும். மாடியில் வெள்ளை நிறக் கூல் ரூஃப் பெயிண்ட் அடியுங்கள், அல்லது வெள்ளை டைல்ஸ் ஒட்டுங்கள், இரண்டும் இப்போது முடியாது என்றால் பச்சை நிழல்வலையாவது தரையோடு ஒட்டாமல் கொஞ்சம் உயர்த்திக் கட்டுங்கள். ஏசி போடுவதற்கு முன் பத்து நிமிடம் ஜன்னலைத் திறந்து, அடைந்துகிடக்கும் சூட்டை வெளியே விட்டுவிடுங்கள். அவுட்டோர் யூனிட் மாடியில்தான் இருக்கிறது என்றால் அதற்கும் நிழல் வேண்டும். ஆனால் பெட்டி மாதிரி நாலு பக்கமும் அடைத்துவிடாதீர்கள், தான் விட்ட சூட்டைத் தானே இழுத்துக்கொண்டு இன்னும் திணறும்.

18-ல் வைப்பதால் சீக்கிரம் குளிரும் என்பதும் நடக்கிற காரியமில்லை. இந்த அறையில் 24-ஐயே தொட முடியாமல் மெஷின் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, 18 என்று சொன்னால் அதைவிட எங்கே ஓடும்? 24-ல் வைத்துப் பாருங்கள். 2020 ஜனவரியிலிருந்து ஸ்டார் லேபிள் போட்ட ஏசிகளெல்லாம் ஆன் செய்ததும் 24-ல்தான் நிற்க வேண்டும் என்று மத்திய அரசு விதியே இருக்கிறது. ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் மின்சாரம் சுமார் ஆறு சதவீதம் மிச்சம் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு.

மெஷின் மேல் இன்னும் சந்தேகம் தீரவில்லையா? ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள், காய்ச்சல் பார்ப்பது இல்லை, அறை வெப்பம் காட்டுவது. ஏசியைக் கால் மணி நேரம் முழு வேகத்தில் ஓடவிட்டு, இண்டோரின் தலைமேல் காற்றை உள்ளே இழுக்கும் இடத்தில் ஒரு தரம், கீழே காற்று வரும் வாயில் ஒரு தரம் அளந்து பாருங்கள். வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி இருந்தால் ஏசி தன் வேலையைச் செய்கிறது. 3, 4 டிகிரிதான் என்றால் கம்பெனி ஆளை மறுபடி கூப்பிடுங்கள், அந்த எண்ணைச் சொல்லியே கூப்பிடுங்கள்.

தஞ்சாவூர் வாசகர்: பழைய ஏசி, இன்வெர்ட்டர் இல்லை. உள்ளே காற்று வருகிறது, குளிரவில்லை. வெளியே ஃபேன் சுற்றுகிறது, நடுவில் "ம்ம்ம்" என்று ஒரு சத்தம், அப்புறம் டக்கென்று நின்றுவிடுகிறது. மெக்கானிக் கேஸ் போட வேண்டும் என்கிறார்.

இதற்குக் கேஸா? கம்ப்ரசரே கிளம்பவில்லையே. அதைக் கிளப்பிவிடும் கெபாசிட்டர் பலவீனமாகியிருக்க வாய்ப்பு அதிகம். மேலே 35, 40, 50 மைக்ரோஃபேரட் என்று ஏதாவது ஒரு எண் போட்ட அலுமினிய டப்பா அது. மீட்டரில் வைத்தால் அந்த எண்ணுக்குக் கிட்டே காட்ட வேண்டும், ரொம்பக் கீழே காட்டினாலோ டப்பாவின் தலை உப்பியிருந்தாலோ மாற்றிவிட வேண்டியதுதான். பெரிய செலவில்லை. நீங்களாகத் திறக்காதீர்கள், மெயினை அணைத்த பிறகும் அதில் கரண்ட் தங்கியிருக்கும், தூக்கி அடிக்கும்.

கெபாசிட்டர் சரியாக இருந்தால் வோல்டேஜைப் பாருங்கள். தெருவில் எல்லா வீட்டு ஏசியும் ஓடும் ராத்திரி நேரத்தில் மட்டும் இப்படி ஆகிறதா? ஸ்டெபிலைசர் என்ன காட்டுகிறது? வோல்டேஜ் இறங்கினால் கம்ப்ரசர் கிளம்ப முடியாமல் உறுமிவிட்டு, சூடேறி, பாதுகாப்புக்காகத் தன்னைத் துண்டித்துக்கொள்ளும். கரண்ட் போய் வந்த உடனே மூன்று நிமிடம் கம்ப்ரசர் ஓடாமல் இருப்பது வேறு விஷயம், அது வேண்டுமென்றே வைத்திருக்கும் தாமதம், அதற்கு யாரையும் கூப்பிட வேண்டாம்.

கோவை வாசகி: இண்டோர் உள்ளே ஐஸ் கட்டி, அப்புறம் சுவரெல்லாம் தண்ணீர் வழிகிறது. ஐஸ் கட்டுகிற அளவுக்குக் குளிர்கிறது, அறை மட்டும் குளிரவில்லை.

காற்று போக வழியில்லாமல் காயில் உறைகிறது. முன் மூடியைத் தூக்கி ஃபில்டரைப் பாருங்கள், அநேகமாக ஒரு கம்பளியே இருக்கும். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் குழாய்த் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து மாட்ட வேண்டியது அது. ஃபில்டர் சுத்தமாக இருந்தும் உறைகிறது என்றால் உள்ளே உருளையாகச் சுற்றும் ப்ளோயரில் அழுக்கு அப்பியிருக்கலாம், அதற்கு வாட்டர் சர்வீஸ் வேண்டும். இரண்டும் சரி என்றால்தான் கேஸ் பக்கம் போக வேண்டும். அப்போது அவுட்டோர் வால்வில் ஒரு அடையாளம் தெரியும்: மெல்லிய குழாயில் வெள்ளையாக உறைபனி, தடித்த குழாய் வியர்க்காமல் காய்ந்து கிடக்கும். தண்ணீர் வழிவது ஐஸ் உருகி ட்ரே நிரம்புவதால். ஏசியை நிறுத்தி ஃபேன் மோடில் மட்டும் ஓடவிட்டால் தானே கரையும். கத்தியை வைத்துக் குத்தாதீர்கள், ஐஸோடு காயிலும் போய்விடும்.

மதுரை வாசகர்: புது இன்வெர்ட்டர் ஏசி சில நாள் ஜில்லென்று இருக்கிறது, சில நாள் ஒன்றுமே இல்லை. சர்வீஸ் ஆள் வந்தால் மட்டும் ஒழுங்காக ஓடுகிறது.

வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களா? இப்போது வரும் மெஷின்களில் பாதிக்கு ரிமோட்டிலேயே 80, 60, 40 சதவீதம் என்று ஒரு பட்டன் இருக்கிறது, கம்ப்ரசர் ஓடும் அளவைக் குறைத்து மின்சாரம் மிச்சப்படுத்த. யாராவது 40-ஐ அமுக்கிவிட்டால் ஒன்றரை டன் ஏசி அரை டன் கொஞ்சம் கூட என்கிற கணக்கில்தான் வேலை செய்யும். ஈகோ, டிரை மோடும் அப்படியே. சர்வீஸ் ஆள் வந்ததும் முதலில் ரிமோட்டைக் கையில் வாங்கி எல்லாவற்றையும் கூல் மோடுக்குக் கொண்டுவருகிறார், அதான் அவர் முன்னால் ஒழுங்காக ஓடுகிறது. ரிமோட் திரையை ஒரு தரம் உற்றுப் பார்த்துவிட்டு அப்புறம் எழுதுங்கள்.

திருச்சி வாசகி: ஏசி ஓடும்போது சீலிங் ஃபேன் போடலாமா, கூடாதா? வீட்டில் தினமும் சண்டை.

போடலாம், மெதுவாக. காற்று அறை முழுக்கப் பரவும், ஏசியை இரண்டு டிகிரி ஏற்றி வைத்தாலும் உடம்புக்குத் தெரியாது. வேலூர்க்காரர் மாதிரி மேல்மாடியில் இருப்பவர்கள் மட்டும் சீலிங் சூடு ஆறும் வரை, அதாவது நடுராத்திரி வரை, ஃபேனை விட்டுவிடுங்கள். மேலே தேங்கியிருக்கும் அனலைக் கட்டிலுக்கு இறக்கிவிடும்.