பதினான்கு வயதில் ஒரு புத்தகம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். நோட்டில் ஒரு நீளமான கதை எழுதிக்கொண்டிருக்கிறாள். கனடா எழுத்தாளர் கோர்டன் கோர்மன் பதினான்கு வயதிலேயே புத்தகம் போட்டவராமே? நாங்களும் பணம் கட்டி அச்சிட்டுவிடலாமா?

க., திருச்சி

அன்புள்ள க.,

கோர்மன் என்றாலே எல்லோரும் அந்தப் பதினான்கைப் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அதற்கு முந்தைய சில மாதங்கள்தான் முக்கியமாகப் படுகின்றன.

1963இல் மாண்ட்ரியலில் பிறந்து ஒன்டாரியோவில் வளர்ந்தவர். ஏழாம் வகுப்பில் அவருக்கு ஆங்கிலப் பாடம் எடுக்க வாய்த்தவர் ஒரு தடகளப் பயிற்சியாளர். ஆண்டு முடியும்வரை ஆளுக்கொரு கதை எழுதுங்கள் என்று பிள்ளைகளை விட்டுவிட்டார். தினம் ஒரு பீரியட், மாதக்கணக்கில்! நம் பள்ளிகளில் என்றால் அதைக் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கியிருப்பார்.

அப்போது எழுதியதுதான் மெக்டொனால்டு ஹால் என்ற விடுதிப் பள்ளிக் கதை. புரூனோ, பூட்ஸ் என்று இரண்டு வால் பையன்கள். சேட்டை தாங்காமல் தலைமையாசிரியர் இருவரையும் வேறு வேறு அறையில் போடுகிறார். ஒருவனுக்கு வாய்த்த அறைத்தோழன் சதா ஆராய்ச்சியிலேயே கிடக்கும் படிப்பாளி. இன்னொருவனுக்கு, தும்மினாலே பயப்படும் பணக்காரப் பையன். மறுபடி ஒன்றுசேர இவர்கள் செய்யும் தில்லுமுல்லுதான் கதை. தலைமையாசிரியருக்கு ‘மீன்’ என்று பட்டப்பெயர் வேறு.

வகுப்பில் ஸ்கொலாஸ்டிக் என்ற பதிப்பகத்தின் புத்தகங்களுக்கு ஆர்டர் எடுக்கும் பொறுப்பு கோர்மனிடம் இருந்தது. கையிலிருந்த அந்த முகவரிக்கே கதையை அனுப்பிவிட்டார். 1978இல் புத்தகமாக வந்தது. அதைப் பதிப்பகம்தான் தேர்ந்தெடுத்தது, கவனியுங்கள்.

அப்புறம் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் நாடகம், திரைப்பட எழுத்துப் படிப்பு. இன்று நூறு புத்தகங்களைத் தாண்டிவிட்டார். எல்லாம் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். சாகசத் தொடர்களில் சில, சூடு ஆறுவதற்குள் எழுதி முடித்தவைபோல இருக்கும். ஆனால் 2017இல் வந்த ‘ரீஸ்டார்ட்’ வேறு ரகம். கூரையிலிருந்து விழுந்து நினைவிழந்த பையன் ஒருவன். கடையில் ஒரு பெண் அவன் தலையில் ஐஸ்கிரீம் போன்ற உறைதயிரைக் கொட்டிவிட்டுப் போகிறாள். ஏன் என்று அவனுக்குப் புரியவில்லை. பள்ளிக்குத் திரும்பினால் சிலர் கொண்டாடுகிறார்கள், சிலர் கண்டாலே ஒதுங்குகிறார்கள். தான் எத்தனை பேரைப் படுத்தியவன் என்பதை மற்றவர்களைப் பார்த்துத்தான் அவன் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அத்தியாயத்துக்கு ஒருவராகக் கதை சொல்கிறார்கள், அவனால் அவதிப்பட்டவர்கள் உட்பட. மெக்டொனால்டு ஹாலை எழுதிய சிறுவனுக்குச் சிரிக்கவைக்கத் தெரிந்திருந்தது. அடித்தவனையும் அடிபட்டவனையும் ஒரே கதையில் நம்பவைக்க அவருக்கு இன்னும் பல வருடங்கள் ஆகியிருக்கின்றன.

ஆகவே பணம் கட்டாதீர்கள். கதை முடியும்வரை யாரும் திருத்த வேண்டாம், நீங்களும்தான். தினம் அரைமணி நேரம் டியூஷன் இல்லாமல் அவளுக்கு ஒதுக்கிக்கொடுங்கள். முடித்ததும் சிறுவர் இதழுக்கோ பதிப்பகத்துக்கோ அவளே அனுப்பட்டும். திரும்பி வந்தால் வரட்டும், அடுத்த நோட்டு வாங்கிக்கொடுங்கள்.