பாதியில் நிற்கும் நாவலும் பன்னிரண்டு நாடுகளும்

கேள்வி: எங்கள் நூலகத்தில் பெரியவர்களுக்காக ஒரு வாசிப்புச் சவால் நடக்கிறது. மாதம் ஒரு நாடு, அந்த நாட்டுப் புத்தகம் ஒன்று. மூன்று மாதம் நன்றாகப் போனது. நான்காவதாக எடுத்த ரஷ்ய நாவல் 700 பக்கம். யார் யார் என்றே பிடிபடவில்லை. மற்றவர்கள் அட்டையில் முத்திரை ஏறிக்கொண்டே போகிறது. அடுத்தது கென்யா, அதற்கு வெளிநாட்டுக்காரர் ஒருவர் எழுதிய பயணநூலைக் காட்டித் தப்பிக்கலாமா, இல்லை பேசாமல் விலகிவிடலாமா?

பதில்: விலக வேண்டாம். அந்த நாவலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அவ்வளவுதான். ரஷ்யாவுக்கு நாவல்தான் வேண்டும் என்று யார் சொன்னது? செகாவ் சிறுகதைத் தொகுப்பு ஒன்றை எடுங்கள், ஒரு கதையை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். பெயர்க் குழப்பம் உங்களுக்கு மட்டும் வருவதில்லை. ரஷ்யர்களுக்குச் சொந்தப் பெயர், அப்பா பெயரிலிருந்து வரும் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று இருக்கும், போதாததற்கு வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயர் வேறு, ஒரே ஆள் ஒரே அத்தியாயத்தில் நாலு பெயரில் வந்து போவார். என்றைக்காவது அந்த நாவலுக்குத் திரும்பினால் ஒரு துண்டுச் சீட்டில் யார் யாருக்கு என்ன உறவு என்று எழுதிப் புத்தகத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பயணநூல் விஷயத்துக்கு வருகிறேன். விதி இடம் கொடுக்கலாம், நான் கொடுக்க மாட்டேன். வெளியிலிருந்து வந்தவர் பார்த்து எழுதுவதற்கும் அந்த ஊர்க்காரர் எழுதுவதற்கும் நடுவில் இருக்கிற தூரத்தைக் கடக்கத்தானே இந்தச் சவாலே? நைஜீரியாவைப் பற்றி ஒரு வெளிநாட்டவர் எழுதிய நாவலைப் படித்து வந்த எரிச்சலும் ஒரு காரணமாகத்தான் நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபி தன் முதல் நாவலை எழுதினார், 1958-இல் வந்தது. கென்யாவுக்கு அந்த நாட்டு எழுத்தாளர் கூகி வா தியாங்கோவின் புத்தகங்கள் இருக்கின்றன. 1977 கடைசியில் அவரைச் சிறையில் போட்டார்கள். அங்கே கழிப்பறைக் காகிதத்தில், தன் தாய்மொழியான கிக்குயுவில், ஒரு நாவலையே எழுதி முடித்தார். அப்படிப்பட்ட ஒருவரைத் தாண்டிப்போய்ப் பயணநூலா!

தேடும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். பல நூலகங்களில் புத்தகங்களுக்கு எண் கொடுத்து அடுக்கப் பயன்படும் டூயி எண்முறை இலக்கியத்தை நாடுவாரியாகப் பிரிப்பதில்லை, மொழிவாரியாகப் பிரிக்கிறது. ஸ்பானிய நாவல் 863 என்றால் ஸ்பெயின், மெக்சிகோ, அர்ஜென்டினா எல்லாம் அதே எண்ணில்தான் நிற்கும். இங்கிலாந்து நாவல் இருக்கிற 823-லேயே ஆங்கிலத்தில் எழுதும் நைஜீரியரும் இருப்பார். அதனால் அடுக்கின் முன்னால் நின்று நாட்டைத் தேடினால் கிடைக்காது, எழுத்தாளர் பெயரோடு போங்கள். பெயரும் தெரியவில்லையா, நூலகரைக் கேளுங்கள். இந்தச் சவாலை வைத்தவர்களே அவர்கள்தானே, கேட்டால் சந்தோஷப்படுவார்கள்.

முத்திரை பின்தங்குவது பற்றி ரொம்ப யோசிக்காதீர்கள். ஆன் மார்கன் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் 2012-இல் ஒரே வருடத்தில் 196 நாடுகளின் புத்தகங்களைப் படிக்க முயன்றபோது அவரே தனியாகச் செய்துவிடவில்லை. சாவோ டோமே பிரின்சிப்பி என்ற தீவு நாட்டுக்கு ஆங்கிலத்தில் எதுவும் கிடைக்காமல், முகம் தெரியாத தன்னார்வலர்கள் ஒரு போர்ச்சுகீசியப் புத்தகத்தைப் பங்கு போட்டு மொழிபெயர்த்துக் கொடுத்தார்கள். உங்களுக்கு 12 நாடுதான். சரி, அதில் இரண்டு விட்டுப்போய் 10-இல் முடிந்தாலும் யாரும் அபராதம் கேட்கப் போவதில்லை. தாமதமாகத் திருப்பிக் கொடுக்கும் புத்தகத்துக்கு வேண்டுமானால் கேட்பார்கள், அந்த 700 பக்கத்தை முதலில் கொண்டுபோய்க் கொடுங்கள்.