குவாதமாலாவில் மாயா தலங்கள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

குவாதமாலா போகத் திட்டமிடுபவர்களிடமிருந்து கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. பாதிக்கு மேல், காட்டுக்குள் இருக்கும் பழைய மாயா நகரமான திக்கால் பற்றித்தான். அந்த நாட்டில் அதைத் தவிரவும் பார்க்க எவ்வளவோ இருப்பதால் மற்றவற்றையும் கலந்தே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ஒரு வாரம்தான் விடுமுறை. விமானம் இறங்கியதும் நேராகத் திக்கால் போய்விடலாமா? தலைநகரில் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்கிறார்கள்.

யார் சொன்னார்களோ, அவர்கள் அருங்காட்சியகம் பக்கமே போகாதவர்களாக இருக்க வேண்டும். காட்டுக்குள் நீங்கள் பார்க்கப் போவது கட்டடங்களைத்தான். அவற்றுக்குள்ளிருந்த அருமையான பொருள்களில் பல, மழைக்கும் திருட்டுக்கும் தப்பித் தலைநகருக்கு வந்து சேர்ந்துவிட்டன. ஒரு நாள் அங்கே தங்கிப் பார்த்துவிட்டுப் போனால், திக்காலில் நிற்கும்போது அந்த அரண்மனைகளில் யார் இருந்தார்கள் என்பது மனதில் இருக்கும்.

விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே, 13-ஆம் மண்டலத்தில் இருக்கிறது தேசியத் தொல்லியல் மற்றும் இனவியல் அருங்காட்சியகம். திக்கால் கல்லறை ஒன்றில் கிடைத்த பச்சைக்கல் முகமூடி இங்கேதான். பியெத்ராஸ் நெக்ராஸ் என்ற ஊரின் கல் அரியணையும் இங்கேதான் இருக்கிறது. அந்தக் காலத்திலேயே யாரோ அதை வேண்டுமென்றே அடித்து நொறுக்கியிருக்கிறார்கள். துண்டுகளைச் சேர்த்து ஒட்டி வைத்திருப்பதைப் பார்க்கலாம். பியெத்ராஸ் நெக்ராஸுக்கே போவதென்றால் உசுமசிந்தா ஆற்றில் படகில் போக வேண்டும். ஒரு வாரப் பயணத்தில் அதற்கு இடமில்லை.

மதியத்துக்குமேல் 10-ஆம் மண்டலத்துக்குப் போங்கள். பிரான்சிஸ்கோ மாரோகின் பல்கலைக்கழக வளாகத்தில் இரண்டு அருங்காட்சியகங்கள் அருகருகே இருக்கின்றன. போப்போல் வூ அருங்காட்சியகத்தில் மண்பாண்டங்களும் ஈமத்தாழிகளும், இஷ்செல் அருங்காட்சியகத்தில் துணிகளும் இருக்கும். துணிதானே என்று இரண்டாவதைத் தவிர்த்துவிடாதீர்கள். மாயா பெண்கள் அணியும் உய்பீல் என்ற மேல்சட்டையின் நிறத்தையும் நெசவையும் வைத்தே எந்த ஊர்க்காரர் என்று சொல்லிவிடலாம். அதைப் பார்த்த பிறகு சந்தையில் நடக்கும்போது கண்ணே வேறு மாதிரி வேலை செய்யும்.

கேள்வி: திக்காலில் சூரிய உதயம் பார்ப்பது அவசியமா? காலையில் விமானத்தில் போய் மாலையில் திரும்பும் டூர் போதாதா?

உதயம் அவசியமில்லை. இரவில் அங்கே தங்குவது அவசியம் என்பேன். ஒருநாள் டூரில் ஃப்ளோரஸ் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் சாலையில் போய், வெயில் உச்சிக்கு வரும் நேரத்தில்தான் உள்ளே நுழைவீர்கள். விலங்கும் பறவையும் ஒதுங்கிக்கொள்ளும், கூட்டம் மட்டும் இருக்கும். பூங்காவுக்குள்ளேயே விடுதிகள் இருக்கின்றன. அங்கே தங்கினால் காலை ஆறு மணிக்குக் கதவு திறந்ததும் நுழைந்துவிடலாம். உதயத்துக்குத் தனிச் சீட்டு வாங்கி, வழிகாட்டியோடு இருட்டிலேயே போக வேண்டும். பல நாள் மூடுபனி சூரியனை மறைத்துவிடும். ஆனால் ஊளைக்குரங்குகளின் சத்தம் ஒன்றே தூக்கம் கெட்டதற்கு ஈடாகிவிடும் என்பவர்களும் உண்டு. சிறுத்தைதான் உறுமுகிறது என்று பயந்துவிடாதீர்கள்.

படங்களில் வரும் முதலாம் கோயில் 47 மீட்டர் உயரம். ஹசாவ் சான் கவீல் என்ற அரசரின் கல்லறை அதன் அடியில் இருந்தது. அதன்மேல் ஏற அனுமதியில்லை. அந்தச் செங்குத்துப் படிகளில் விழுந்து உயிரிழந்தவர்கள் உண்டு. நான்காம் கோயில் அதைவிட உயரம், சுமார் 65 மீட்டர். மரப்படிக்கட்டு போட்டிருப்பதால் அதில் ஏறலாம்.

உச்சியில் நின்று காட்டை மட்டும் பார்த்துவிட்டு இறங்கிவிடாமல், வாசலின் மேற்பகுதியையும் கவனியுங்கள். அங்கே இருந்த செதுக்கு வேலை கொண்ட மர உத்தரங்களை 1870-களில் கழற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். இன்று அவை சுவிட்சர்லாந்தின் பாசெல் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆயிரம் வருடத்துக்கு மேல் கரையானையும் மழையையும் தாங்கிய அந்த மரம் எது தெரியுமா? நம் தோட்டங்களில் நிற்கும் சப்போட்டாதான். அதன் சொந்த நாடே அந்தப் பக்கம். அதன் பாலிலிருந்துதான் ஆரம்பத்தில் சூயிங்கம் செய்தார்கள். பால் எடுக்கக் காட்டுக்குள் அலைந்த தொழிலாளர்கள் வழிகாட்டித்தான் பல மாயா நகரங்கள் ஆய்வாளர்களுக்குத் தெரியவந்தன.

சீட்டு வாங்கப் பாஸ்போர்ட் வேண்டும். கெட்சால் நோட்டாகக் கையில் பணம் வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே ஏ.டி.எம். கிடையாது.

கேள்வி: கல்தூண்களில் இருக்கும் எழுத்தை என்னைப் போன்ற சாதாரண ஆளால் கொஞ்சமாவது படிக்க முடியுமா?

தேதியைப் படிக்கலாம். அரை மணி நேரம் பழகினால் போதும். புள்ளி என்றால் ஒன்று, கோடு என்றால் ஐந்து, சிப்பி போன்ற வடிவம் பூஜ்யம். ஒரு கோடும் நான்கு புள்ளிகளும் இருந்தால் ஒன்பது. எழுத்துக் கட்டங்களை இரண்டிரண்டு பத்தியாகப் பிரித்துக்கொண்டு, இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழே படிக்க வேண்டும்.

உச்சியில் பெரிதாக ஒரு முகப்புக் குறி இருந்தால் கீழே நீள் கணக்குத் தேதி வருகிறது என்று அர்த்தம். அடுத்து ஐந்து எண்கள். முதல் எண் 1,44,000 நாள் கொண்ட பக்துன், அடுத்தது 7,200 நாள் கொண்ட கதுன், அப்புறம் 360 நாள், 20 நாள், ஒரு நாள். கணக்கு தொடங்குவது கி.மு. 3114 ஆகஸ்ட்டில். முதல் எண் 9 என்று இருந்தால் அது கி.பி. 435-க்கும் 830-க்கும் இடைப்பட்ட தேதி. நீங்கள் பார்க்கும் தூண்களில் பெரும்பாலானவை இந்தக் கணக்கில்தான் அடங்கும்.

ஒரு சிக்கல் உண்டு. சில இடங்களில் சிற்பிகள் புள்ளியும் கோடும் போடாமல் எண்ணுக்குப் பதிலாகத் தலையையும், இன்னும் மேலே போய் முழு உருவத்தையுமே செதுக்கியிருப்பார்கள். கிரிகுவா என்ற மாயா நகரின் D தூண் அப்படிப்பட்டது. அங்கே தோற்றுப்போனால் வருத்தப்பட வேண்டாம்.

தேதி மட்டும் தெரிந்து என்ன பயன் என்று கேட்பீர்கள். நெடுங்காலமாக ஆய்வாளர்களே இந்தத் தூண்களில் வானியலும் சமயமும்தான் இருக்கின்றன என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். பியெத்ராஸ் நெக்ராஸ் தூண்களின் தேதிகளை வரிசைப்படுத்திப் பார்த்த தத்தியானா புரோஸ்கோரியகோஃப், ஒவ்வொரு தொகுதியும் ஒரு மனித ஆயுளுக்குள் அடங்குவதைக் கண்டார். பிறப்பு, பட்டமேற்பு, போர் என்று அரசர்களின் வரலாறுதான் இது என்று 1960-இல் எழுதினார். மாயா ஆய்வே திசை மாறியது. அவருடைய அஸ்தியைப் பின்னாளில் அதே ஊரில்தான் புதைத்தார்கள்.

கேள்வி: அப்பா அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. படி ஏற முடியாது. அவர்களை எங்கே கூட்டிப்போகலாம்?

கிரிகுவா. யோசிக்கவே வேண்டாம். அட்லாண்டிக் நெடுஞ்சாலையிலிருந்து வாழைத் தோட்டங்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் போனால் சமதளமான புல்வெளி. தூண்கள் கூரையின் கீழ் நிற்கின்றன. 771-இல் நாட்டப்பட்ட E தூண், மண்ணுக்குள் இருப்பதையும் சேர்த்து 10 மீட்டருக்கு மேல் நீளம். மாயாக்கள் நாட்டிய கற்களிலேயே பெரியது. 10 சென்டாவோ நாணயத்தில்கூடக் கிரிகுவா கல் உண்டு, சில்லறையை எடுத்துப் பெற்றோரிடம் காட்டுங்கள்.

இவ்வளவு சிறிய ஊருக்கு இவ்வளவு பெரிய கல் எதற்கு? 738-இல் கிரிகுவா அரசர், தன் மேலரசரான கோபான் மன்னரைப் பிடித்துத் தலையை வெட்டினார். அதன் பிறகுதான் இந்தத் தூண்களெல்லாம் எழுந்தன. கோபான் இன்று எல்லைக்கு அந்தப் பக்கம், ஹோண்டுராஸில் இருக்கிறது. நேரமிருந்தால் அதையும் பாருங்கள், கதையின் மறுபாதி அங்கே.

கேள்வி: மாயாக்கள் அழிந்துபோனது எப்படி?

அழியவில்லை. 2018 கணக்கெடுப்பில் குவாதமாலா மக்களில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் தங்களை மாயா என்றே பதிந்தார்கள். உங்கள் டாக்சி ஓட்டுநரே கக்சிகேல் என்ற மாயா மொழி பேசுபவராக இருக்கலாம். ஒன்பதாம் நூற்றாண்டுவாக்கில் தாழ்நிலத்து நகரங்களின் அரசர்கள் போனார்கள், மக்கள் இடம் மாறினார்கள்.

இதை நேரில் பார்க்க இஷிம்சே போங்கள், தெக்பான் ஊருக்குப் பக்கம். கக்சிகேல் மக்களின் தலைநகரமாக இருந்த இடம். 1524-இல் ஸ்பானியர்களோடு கூட்டுச் சேர்ந்தார்கள். பொன் கேட்டுக் கொடுத்த தொல்லை தாங்காமல் சீக்கிரமே எதிர்த்து நின்றார்கள். இடிபாடுகளுக்குப் பின்னால் மரங்களுக்கிடையே இன்றும் நெருப்பு மூட்டிச் சடங்கு செய்கிறார்கள். 2007-இல் அமெரிக்க அதிபர் புஷ் வந்துபோனபோது, இடத்தைச் சுத்திகரிக்க வேண்டும் என்று மாயா பூசாரிகள் அறிவித்தது உலகச் செய்தியானது. சடங்கு நடந்தால் தள்ளி நில்லுங்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

கேள்வி: பழைய மண்பொம்மை ஒன்றை வாங்கி வரலாமா? கடைக்காரர் ஒரிஜினல் என்கிறார்.

ஒரிஜினல் என்றால் குற்றம், போலி என்றால் ஏமாற்று. இரண்டிலும் நஷ்டம் உங்களுக்கு. தொல்பொருளை நாட்டைவிட்டு எடுத்துப்போகச் சட்டம் இடம் தராது. அமெரிக்கா வழியாக வருபவர்களுக்கு அங்கேயும் தடை உண்டு. ஆசையாக இருந்தால் குவாதமாலாவின் பழைய தலைநகரான ஆன்டிகுவாவில் புதிதாகச் செதுக்கிய பச்சைக்கல் வாங்குங்கள். மோத்தாகுவா பள்ளத்தாக்குக் கல், பழைய மாயாக்களும் அங்கிருந்துதான் எடுத்தார்கள்.

கேள்வி: சைவ உணவு கிடைக்குமா?

கிடைக்கும். கறுப்பு பீன்ஸ், சோளத் தோர்த்தியா, வறுத்த நேந்திரன் வகை வாழை, அவகாடோ. முட்டை சாப்பிடுபவர்களுக்குக் கவலையே இல்லை. மசித்து வறுத்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது உண்டு. "சின் மாந்தேகா" (ஸ்பானிய மொழியில் "கொழுப்பு இல்லாமல்") என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எல் மிராடோர் போவது எப்படி?

காட்டுக்குள் இருக்கும் அந்தப் பழைய மாயா நகரத்துக்குக் கார்மெலிதா கிராமத்திலிருந்து நடந்துதான். போய்வர ஐந்து நாள் ஆகும், மூட்டையைக் கோவேறு கழுதை சுமக்கும். பணம் இருப்பவர்களுக்கு ஹெலிகாப்டர். அங்கேயுள்ள லா தந்தா கட்டடம் சுமார் 72 மீட்டர், திக்காலின் கோயில்களைவிட உயரம், காலத்தாலும் பல நூற்றாண்டு முந்தையது. மே முதல் அக்டோபர் வரை மழை. பாதை முழங்கால் சேறு. பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள் போங்கள். அவ்வளவு தூரம் நடக்க முடியாதவர்கள் யாஷா என்ற மாயா நகரத்துக்குப் போகலாம்: ஏரிக்கரை, 216-ஆம் கோயிலின் உச்சியிலிருந்து அஸ்தமனம், கூட்டமும் குறைவு.