மாட்டுக்கு மேல்பல் உண்டா?

அன்புள்ள ஐயா,

பொங்கலுக்குச் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் கட்டியிருந்த மாடுகளைக் காட்ட ஏழு வயது மகளைக் கூட்டிப்போனேன். ஒரு பசு தலையைத் தூக்கி வாயைத் திறந்தது. "அப்பா, அதுக்கு மேல பல்லே இல்ல" என்றாள். "வயசான மாடும்மா, விழுந்திருக்கும்" என்றேன். பக்கத்தில் நின்ற பெரியவர் சிரித்துவிட்டார். நான் என்ன தப்பாகச் சொன்னேன்?

— ஒரு வாசகர், ஈசூன்

அன்புள்ள நண்பருக்கு,

பெரியவர் சிரித்ததில் நியாயம் இருக்கிறது. எந்த மாட்டுக்கும், நேற்றுப் பிறந்த கன்றுக்கும்கூட, மேல்வாயில் முன்பல் கிடையாது. அந்த இடத்தில் கெட்டியான ஈறுதான். கீழே 8 முன்பற்கள். நாக்கால் புல்லைச் சுற்றி இழுத்து, கீழ்ப்பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இடுக்கி, தலையை ஒரு வெட்டு வெட்டும். புல் அறுந்து வரும். அரைப்பது கடைவாய்ப் பற்களின் வேலை. அவை மேலே 12, கீழே 12. ஆக மொத்தம் 32. ஞானப்பல்லைப் பிடுங்காமல் வைத்திருந்தால் உங்கள் வாயிலும் அதே கணக்குதான், மகளிடம் சொல்லுங்கள்.

வயது தெரிவது கீழ்ப்பல்லில். ஏறக்குறைய 2 வயதில் நடுவில் இருக்கும் இரண்டு பால்பற்கள் விழுந்து, அகலமான ஒரு ஜோடி முளைக்கும். அது 'ரெண்டு பல்' மாடு. பிறகு நாலு பல், ஆறு பல். எட்டும் முளைக்க நாலு, நாலரை வயதாகும். அதற்குமேல் தேய்மானத்தை வைத்து மதிப்பிட வேண்டியதுதான். வாங்குபவர் ஏமாறுவதும் அங்கேதான். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். காசு கொடுத்து வாங்கும் மாட்டைப் பார்க்காமல் விடுவார்களா?

நீங்கள் நின்ற வட்டாரமே ஒரு காலத்தில் மாட்டு வியாபாரம் நடந்த இடம். அங்குள்ள பெலிலியோஸ் ரோட்டுக்குப் பெயர் தந்தவர் மாட்டு வியாபாரி. இந்த வட்டாரத்தின் பழைய மலாய்ப் பெயர் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம். நம்மில் பலர் பிறந்த கேகே மருத்துவமனையின் பெயர் அதிலிருந்து வந்ததுதான். எருமைக்கும் மேல்முன்பல் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பொங்கலுக்குப் போனால், படுத்து அசை போடும் மாட்டின் கழுத்தைக் கவனியுங்கள். ஒரு கவளம் இறங்கும், தாடை சில விநாடி நிற்கும், அடுத்த கவளம் தொண்டையில் மேலேறி வருவது வெளியிலிருந்தே தெரியும். பல் எண்ணுகிறேன் என்று வாயைப் பிளக்க மட்டும் போகாதீர்கள். மாட்டுக்கு முன்னால் மாட்டுக்காரர் முட்ட வருவார்.