கனவு, க்துல்ஹு, மாந்திரீகம்: சில கேள்விகளும் பதில்களும்

அமெரிக்க எழுத்தாளர் ஹெச். பி. லவ்கிராஃப்ட் (1890–1937) எழுதிய பேரண்டத் திகில் கதைகள், அவருடைய கனவுகள், அக்கதைகளை வைத்துச் சடங்கு செய்யும் மேலைநாட்டு மாந்திரீகக் குழுக்கள் ஆகிய மூன்றுக்கும் உள்ள உறவைப் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

பேரண்டத் திகில் என்பது பேய்க்கதைக்கு இன்னொரு பெயர்தானே?

இல்லை. பேய்க்கதையில் வரும் பேய்க்கு மனிதரிடம் ஒரு கணக்கு பாக்கி இருக்கும். பழியோ நிறைவேறாத ஆசையோ அதைப் பிடித்து நிறுத்தியிருக்கும். படையல் போட்டோ பரிகாரம் செய்தோ அதை அனுப்பிவைக்க வழியும் இருக்கும். லவ்கிராஃப்டின் கதைகளில் வரும் வேற்றண்டப் பேருருக்களான க்துல்ஹுவுக்கோ யோக்-சோதோத்துக்கோ நம்மிடம் எந்தக் கணக்கும் இல்லை. நாம் இருக்கிறோம் என்பதே அவற்றுக்கு ஒரு பொருட்டில்லை என்பதுதான் அங்கே திகில்.

அவருடைய கதைகள் எல்லாம் கனவில் வந்தவை என்கிறார்களே, உண்மையா?

சில கதைகள் அப்படித்தான் தொடங்கின, எல்லாம் அல்ல. 1896 ஜனவரியில் அவருடைய பாட்டி இறந்து, வீடு துக்கத்தில் மூழ்கியிருந்தபோது, ஐந்து வயதுச் சிறுவனான அவருக்குத் தொடர்ந்து கொடுங்கனவுகள் வந்தன. முகமே இல்லாத, கறுத்து மெலிந்த, ரப்பர் போன்ற உடலும் வௌவால் இறக்கையும் கொண்ட உருவங்கள் தம்மை வயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு பறந்ததாகப் பிற்காலக் கடிதங்களில் எழுதினார். ஆங்கிலக் கவிஞர் மில்டனின் காவியத்துக்கு ஓவியர் குஸ்தாவ் டோரே வரைந்த படங்களைப் பார்த்ததால் அவை உருவாகியிருக்கலாம் என்று அவரே ஊகித்தார்; இந்த ஊகத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1919 டிசம்பரில் எழுதிய ராண்டால்ஃப் கார்ட்டர் கதை, நண்பர் சாமுவேல் லவ்மனோடு இரவில் ஒரு பழைய கல்லறைத் தோட்டத்துக்குப் போனதாகக் கண்ட கனவிலிருந்து வந்தது. அடுத்த ஆண்டு எழுதிய நியார்லதோதெப் என்ற சிறு உரைநடைப் பகுதியின் முதல் பத்தியைத் தூக்கக் கலக்கம் முழுவதும் தெளிவதற்கு முன்பே எழுதிவிட்டதாக ஒரு கடிதத்தில் சொல்கிறார்.

ஆனால் மிகப் புகழ்பெற்ற க்துல்ஹு கதை எப்படி உருவானது என்று பாருங்கள். தாம் வடித்த ஒரு புடைப்புச் சிற்பத்தை அருங்காட்சியகத்துக்கு விற்கக் கொண்டுபோவதாகக் கண்ட கனவை 1920இல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் விவரித்தார். அந்தக் கனவு ஆறு ஆண்டுகள் குறிப்பாகவே கிடந்தது. 1926இல் கதையாக எழுதியபோது, அதனோடு நாளிதழ்த் துணுக்குகள், காவல்துறை விசாரணை, மாலுமி ஒருவரின் நாட்குறிப்பு ஆகியவற்றைக் கோத்தார். 1925 பிப்ரவரி 28 இரவு கியூபெக் பகுதியில் உண்மையாகவே ஏற்பட்டு அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதிகளிலும் உணரப்பட்ட நிலநடுக்கத்தையும் சேர்த்துக்கொண்டார். அந்த நாள் முதல் ஏப்ரல் 2 வரை, ஒருவரையொருவர் அறியாத கவிஞர்களும் ஓவியர்களும் ஒரே விதமான கனவைக் கண்டதாகக் கதை சொல்கிறது. 1928 பிப்ரவரியில் வியர்ட் டேல்ஸ் இதழ் அதை வெளியிட்டது. கனவு அடியெடுத்துக் கொடுத்தது. அதற்கு மேலுள்ள அத்தனையும் மேசையில் அமர்ந்து செய்த வேலை.

அவர் மாந்திரீகத்தில் நம்பிக்கை உள்ளவரா?

துளியும் இல்லை. தம்மைப் பொருள்முதல்வாதி என்றே சொல்லிக்கொண்டவர். இளமையில் உள்ளூர் நாளிதழ்களில் வானியல் பத்தி எழுதியவர். மாயவித்தைக் கலைஞர் ஹுடினிக்காக 1926இல் மூடநம்பிக்கைக்கு எதிரான ஒரு நூலைச் சி. எம். எடியோடு சேர்ந்து எழுதத் தொடங்கினார். அந்த ஆண்டு அக்டோபர் 31 அன்று ஹுடினி இறந்ததால் அது நின்றுபோனது.

நம்பாத ஒருவரின் கதைகளை மாந்திரீகர்கள் வேதமாக்கியது எப்படி?

இந்தக் கேள்விக்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். கென்னத் கிராண்ட் (1924–2011) என்ற ஆங்கிலேயர் இளமையில், 1945 வாக்கில், ஹேஸ்டிங்ஸ் நகரில் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்துக்கொண்டிருந்த மாந்திரீகர் அலிஸ்டர் குரோலிக்குச் செயலாளராக இருந்தவர். 1904 ஏப்ரலில் கெய்ரோவில் ஐவாஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத ஆற்றல் மூன்று நாள் சொல்லச் சொல்லத் தாம் எழுதியதாகக் குரோலி அறிவித்த நூல்தான் அவருடைய மதத்தின் அடிப்படை. கிராண்ட் 1972இல் வெளியிட்ட நூலில், குரோலியின் சொற்களையும் லவ்கிராஃப்டின் சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓர் ஒப்புமைப் பட்டியல் தந்தார். குரோலியின் நூலுக்கு "ஆல்" என்று பெயர், லவ்கிராஃப்டின் கதைகளில் வரும் நெக்ரோனோமிக்கான் என்ற கற்பனை மாந்திரீக நூலுக்கு அரபியில் "அல் அஸிஃப்" என்று பெயர். இருவரும் ஒருவரையொருவர் சந்தித்ததே இல்லை. ஆகவே இருவருமே ஒரே ஊற்றிலிருந்து பெற்றிருக்கிறார்கள் என்பது அவருடைய வாதம். குரோலி விழித்திருந்து சடங்கின் மூலம் பெற்றதை, லவ்கிராஃப்ட் உறக்கத்தில் தம்மை அறியாமலே பெற்றார் என்றும், விழித்ததும் அஞ்சி அதைக் கட்டுக்கதை என்று மறுத்துவிட்டார் என்றும் கிராண்ட் எழுதினார். அந்த நெக்ரோனோமிக்கான் எந்த நூலகத்திலும் இல்லாவிட்டாலும் கனவுத் தளத்தில் இருக்கிறது என்பதும் அவர் கூற்று.

இந்த வாதத்தின் சாமர்த்தியம் உங்களுக்குப் புரிந்திருக்கும். லவ்கிராஃப்ட் "ஆம்" என்றிருந்தால் அது சான்று. "இல்லை" என்றால் அது அச்சம், அதுவும் சான்று. இரண்டு பக்கமும் தலையே உள்ள நாணயத்தைச் சுண்டிவிட்டுப் பந்தயம் கட்டுவதைப் போன்றது இது.

ஆயினும் சோதிக்கத்தக்க ஓர் இடம் இருக்கிறது. "அஸிஃப்" என்ற சொல் லவ்கிராஃப்டுக்குக் கனவில் வரவில்லை. 1786இல் வெளிவந்த வாதெக் என்ற நாவலின் ஆங்கிலப் பதிப்புக்கு சாமுவேல் ஹென்லி எழுதிய குறிப்பு ஒன்றில், பூதங்களின் ஒலி என்று கருதப்பட்ட இரவுப் பூச்சிகளின் இரைச்சலைப் பற்றிய செய்தி வருகிறது. அங்கிருந்துதான் அவர் அதை எடுத்தார். கிராண்டின் பட்டியலில் முதன்மையான ஒப்புமையே ஓர் அடிக்குறிப்பில் வந்து முடிகிறது. நெக்ரோனோமிக்கான் என்ற பெயர் கனவில் வந்ததாக லவ்கிராஃப்ட் சொன்னது உண்மைதான். ஆனால் வானியலில் ஊறியிருந்த அவர் ரோமானியக் கவிஞர் மணிலியஸின் அஸ்ட்ரோனோமிக்கா என்ற நூலை நன்கு அறிந்தவர். டோரேயின் படங்களை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? பகலில் கண்டதும் படித்ததும் இரவில் வேடம் மாற்றிக்கொண்டு வருவதற்கு இது இன்னொரு எடுத்துக்காட்டு.

கிராண்டை வெறும் ஏமாற்றுக்காரர் என்று தள்ளிவிட நான் விரும்பவில்லை. அவர் அத்வைதத்தை ஆழ்ந்து படித்தவர். 1950களில் ரமண மகரிஷியைப் பற்றி இந்திய இதழ்களில் கட்டுரைகள் எழுதியவர். நனவு, கனவு, உறக்கம் என்ற மூன்று நிலைகளைப் பற்றிய நம் மரபின் சிந்தனை அவருடைய எழுத்தில் ஊடாடுகிறது. ஆனால் நனவைப் போலவே கனவும் ஒரு தோற்றம்தான் என்கிற மரபிலிருந்து, கனவும் நனவைப் போலவே உண்மை என்ற முடிவை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார் என்பது என் கருத்து.

நெக்ரோனோமிக்கான் என்ற நூலை நான் விலைக்கே வாங்கியிருக்கிறேன். அது பொய்யா?

உங்களிடம் இருப்பது சைமன் என்ற புனைபெயரில் வந்த நூலாக இருக்கும். 1977இல் நியூயார்க்கில், மாந்திரீகப் பொருள் விற்கும் கடை ஒன்றைச் சுற்றியிருந்த குழுவிலிருந்து, தோல் அட்டையில் 666 படிகளாக முதலில் வந்தது. 1980இல் மலிவுப் பதிப்பாகிப் பெருமளவில் விற்றது. சுமேரியத் தெய்வப் பெயர்களோடு க்துல்ஹுவை ஒத்த ஒரு பெயரையும் கலந்திருக்கிறார்கள். அதன் மூலச் சுவடி இன்றுவரை பொதுப் பார்வைக்கு வைக்கப்படவில்லை. 1978இல் இங்கிலாந்தில் வந்த இன்னொரு நெக்ரோனோமிக்கானுக்கு முன்னுரை எழுதிய ஆங்கில எழுத்தாளர் காலின் வில்சன், அது வேடிக்கைக்காகச் செய்த மோசடி என்று பின்னர் தாமே ஒப்புக்கொண்டார்.

இன்னொன்றும் சொல்லலாம். அந்நூலை எழுதியதாகச் சொல்லப்படும் அரபியரின் பெயர் அப்துல் அல்ஹஸ்ரெத். அரபி தெரிந்தவர்களிடம் கேட்டால் சிரிப்பார்கள். "அல்" என்ற சார்பு அதில் இரண்டு முறை வருகிறது. ஆயிரத்தொரு இரவுக் கதைகளைப் படித்த ஐந்து வயதுச் சிறுவன் விளையாட்டுக்காகத் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் அது.

கற்பனை என்று தெரிந்தே க்துல்ஹுவை அழைப்பவர்கள் இருக்கிறார்களாமே?

இருக்கிறார்கள்; கிராண்டைவிட அவர்களிடம் எனக்கு மரியாதை அதிகம். 1970களின் இறுதியில் இங்கிலாந்தில் பீட்டர் கரோல், ரே ஷெர்வின் ஆகியோர் தொடங்கிய கேயாஸ் மாந்திரீகத்தில், நம்பிக்கை என்பது எடுத்துப் பயன்படுத்திவிட்டுக் கீழே வைக்கவேண்டிய கருவி. அதனால் பழைய தெய்வமும் கதைப் பாத்திரமும் அவர்களுக்கு ஒன்றே. மனத்தில் எது அசைவை உண்டாக்குகிறது என்பதே கேள்வி. அதற்கும் முன்பே, 1972இல், அமெரிக்காவில் சாத்தான் சபையை நிறுவிய ஆன்டன் லாவே வெளியிட்ட சடங்கு நூலில் மைக்கேல் அக்வினோ எழுதிய லவ்கிராஃப்ட் பாணிச் சடங்குகள் இரண்டு இடம்பெற்றன. வெளியிட்டவர்களே அவற்றை மனத்துக்கான நாடகம் என்றுதான் கருதினர். ஒரு முரணை மட்டும் இவர்கள் பேசுவதில்லை: லவ்கிராஃப்டின் கதைகளில் இத்தகைய வழிபாட்டாளர்கள் பெரும்பாலும் வெள்ளையரல்லாதோர், அல்லது அவர் இழிவாகப் பார்த்த கலப்பினத்தார். பேரண்டத்தைப் பற்றிய அவருடைய அச்சத்தில் அண்டை வீட்டு அயலாரைப் பற்றிய அச்சமும் கலந்திருந்தது.

லெமூரியாவும் அவர் கதையில் வருகிறதாமே?

வருகிறது. 1864இல் விலங்கியலாளர் ஃபிலிப் ஸ்கிளேட்டர், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் லெமூர் வகை விலங்குகள் காணப்படுவதை விளக்குவதற்காக முன்வைத்த கருதுகோள் நிலம் அது. அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையினர் அதை மனித இனத்தின் ஆதித் தாயகங்களுள் ஒன்றாக்கினர். நம் அறிஞர்கள் அதைக் களவியல் உரை கூறும் கடல்கோளோடு இணைத்தனர். சபையைச் சேர்ந்த ஸ்காட்-எலியட் எழுதிய அட்லாண்டிஸ், லெமூரியா நூலை 1926இல் படித்த லவ்கிராஃப்ட், அதே ஆண்டு எழுதிய க்துல்ஹு கதையில் அதன் பெயரையே குறிப்பிட்டார். சபையினர் ஞானப் பார்வையில் கண்டதாகச் சொன்னதை அவர் கதைக்கான சரக்காக எடுத்துக்கொண்டார். பின்னால் வந்த மாந்திரீகர்கள் அந்தக் கதையில் மறைஞானம் மணப்பதாக வியந்தார்கள். மணக்காமல் என்ன செய்யும்?

இக்கதைகளை இரவில் படித்த பிறகு, விழித்த நிலையில் கைகால் அசைக்க முடியாமல், மார்பின் மேல் ஏதோ ஏறி அமர்ந்ததைப் போல இரண்டு முறை உணர்ந்தேன். பயப்பட வேண்டுமா?

நம் ஊரில் அமுக்குவான் பேய் என்று சொல்வது இதைத்தான். மருத்துவத்தில் தூக்க முடக்கம் என்பார்கள். கனவு மிகுந்த உறக்க நிலையில், நாம் கனவுக்கேற்பக் கைகால்களை வீசிவிடாதபடி மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. அந்தத் தளர்ச்சி நீங்குமுன் விழிப்பு வந்துவிட்டால், கண் திறந்திருக்கும்போதே கனவின் மிச்சமும் தொடரும். தூக்கக் குறைவும் மல்லாந்து படுப்பதும் இதற்கு வழிவிடும். விரல் நுனியை மட்டும் அசைக்க முயலுங்கள். சில நொடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ விலகிவிடும். அடிக்கடி வந்தாலோ, பகலில் அடக்க முடியாத தூக்கம் வந்தாலோ மருத்துவரைப் பாருங்கள்.

கனவுகளைக் குறித்துவைக்க விரும்பினால் தாராளமாகச் செய்யுங்கள். லவ்கிராஃப்டும் கதைக் கருக்களோடு கனவுகளையும் குறித்துவைக்க ஒரு குறிப்பேடு வைத்திருந்தார். கனவை எழுதிய பக்கத்திலேயே, முந்தைய இரண்டு மூன்று நாளில் எதைப் படித்தீர்கள், என்ன படம் பார்த்தீர்கள், வீட்டில் என்ன நடந்தது என்பதையும் தேதியோடு எழுதிவையுங்கள்.