வால்வில் கால்சியம் படிந்தால் எக்கோவை நம்பலாமா?

இதய வால்வு சுருக்கம் பற்றிக் கேள்விகள் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்ததில் பாதிக்கு மேல் எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன்) ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு குழம்பியவர்களுடையவை. அவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

அப்பாவுக்கு 74 வயது. "அயோர்ட்டிக் வால்வில் கால்சியம் அதிகம், இதழ்கள் தெளிவாகத் தெரியவில்லை" என்று எழுதிவிட்டு, கீழேயே "கடுமையான சுருக்கம்" என்றும் போட்டிருக்கிறார்கள். படமே தெரியாதபோது கடுமை என்பது எப்படித் தெரிந்தது டாக்டர்?

அயோர்ட்டிக் வால்வு என்பது இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் வாசல். எக்கோவில் இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று படம் பார்ப்பது, இன்னொன்று ரத்தத்தின் வேகத்தை அளப்பது. கால்சியம் கெடுப்பது முதல் வேலையைத்தான். ஒலி அலை அதில் பட்டுத் திரும்பிவிடுவதால் அந்த இடம் திரையில் வெள்ளையாகப் பளபளக்கும், பின்னால் கருநிழல் விழும். வால்வு எவ்வளவு திறக்கிறது என்று கோடு போட்டு அளந்தால் தப்பாகத்தான் வரும். ஆனால் ரத்தம் அந்தச் சந்து வழியாகத்தானே போயாக வேண்டும்? சந்து குறுகினால் பீய்ச்சியடிக்கும். எக்கோவின் இரண்டாவது வேலையான டாப்ளர் அந்தப் பீய்ச்சலை அளக்கிறது. வேகம் விநாடிக்கு 4 மீட்டரையோ, வால்வின் இரு பக்கத்துக்கும் உள்ள சராசரி அழுத்த வித்தியாசம் 40 மி.மீ. பாதரசத்தையோ எட்டினால் கடுமை. அப்பாவின் ரிப்போர்ட்டில் இந்த இரண்டு எண்களையும் தேடிப் பாருங்கள்.

ஒரே மாதத்தில் இரண்டு இடத்தில் அம்மாவுக்கு எக்கோ எடுத்தோம். ஒன்றில் வேகம் 4.3, இன்னொன்றில் 3.5. யாரை நம்புவது?

பெரும்பாலும் 4.3ஐ. ரத்தம் பாயும் திசைக்கு நேராக ப்ரோபை (மார்பில் வைக்கும் எக்கோ கருவியை) வைத்தால்தான் முழு வேகம் கிடைக்கும். 30 டிகிரி விலகினால் வேகம் 13 சதவீதம் குறைவாக வரும். வேகத்தை வர்க்கமாக்கி நாலால் பெருக்கித்தான் அழுத்தம் கணக்கிடுகிறோம் என்பதால் அது 25 சதவீதம் குறைந்துவிடும். கோணம் தப்பினால் எண் குறையுமே தவிர ஏறாது.

கால்சியம் பிடித்த வால்வில் பீய்ச்சல் கோணலாகக் கிளம்பும். இடது மார்பில் மட்டும் பார்த்துவிட்டு முடித்தால் போச்சு. வலப்பக்கம் ஒருக்களிக்க வைத்து மார்பெலும்பின் வலது ஓரத்திலும், கழுத்துக் குழியிலும் தேட வேண்டும். இதற்கென்றே பென்சில் போல ஒரு சின்ன ப்ரோப் இருக்கிறது. அது படம் காட்டாது. காதில் விழும் சத்தத்தை வைத்துத்தான் தேட வேண்டும். ஒரு பாட்டிக்கு இடப்பக்கம் 3.6தான் வந்தது. திருப்பிப் படுக்கவைத்ததும் 4.4. "இன்னும் எத்தனை தடவைப்பா புரட்டுவே?" என்று கோபித்துக்கொண்டார். அந்தப் புரட்டலில்தான் விஷயம் இருந்தது.

எண் ஏறுவதற்கு வேறு காரணங்கள் உண்டு. மைட்ரல் வால்வு (இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ளது) கசிவின் அலையை அயோர்ட்டிக் வால்வின் பீய்ச்சல் என்று நினைத்து எடுத்துவிட்டால் எண் பொய்யாக ஏறும். ரத்தசோகையும் காய்ச்சலும்கூட வேகத்தைக் கூட்டும்.

வால்வின் பரப்பு 0.8 சதுர செ.மீ., ஆனால் சராசரி அழுத்த வித்தியாசம் 28தான். ஒரு டாக்டர் கடுமை என்கிறார், இன்னொருவர் நடுத்தரம் என்கிறார்.

சண்டை வருவதே இந்த இடத்தில்தான். பரப்பு 1 சதுர செ.மீ.க்குக் கீழே போனால் கடுமை என்பது விதி. ஆனால் பரப்பு நேராக அளந்த எண் அல்ல, கணக்குப் போட்டு வந்தது. வால்வுக்குக் கீழே உள்ள பாதையின் விட்டத்தை அளந்து வர்க்கமாக்குகிறோம். விட்டம் 2.0 செ.மீ. என்றால் அந்தப் பாதையின் பரப்பு 3.14; அதையே 1.8 என்று எடுத்தால் 2.54. வெறும் 2 மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகிறது, வால்வின் பரப்பும் அதே அளவுக்குக் குறைந்து வருகிறது! கால்சியம் அந்த விளிம்பிலும் படிந்து கோட்டை மறைக்கும். போதாததற்கு அந்தப் பாதை வட்டமும் இல்லை, முட்டை வடிவம். என்னைக் கேட்டால், எக்கோவில் மிகவும் சந்தேகப்பட வேண்டிய எண் இதுதான்.

அதனால் முதலில் பழைய ரிப்போர்ட்டுகளில் விட்டம் எவ்வளவு என்று பாருங்கள். பெரியவர்களுக்கு அது வருடா வருடம் மாறாது. எக்கோ எடுத்தபோது பி.பி. எகிறியிருந்ததா என்றும் கேளுங்கள். அதுவும் அழுத்த வித்தியாசத்தைக் குறைத்துக் காட்டும். ஒல்லியான, குள்ளமான உடம்புக்கு 0.8 நடுத்தரமாகவும் இருக்கலாம்.

எல்லாம் சரியாக இருந்தால், இதயம் தள்ளும் ரத்தமே குறைவோ என்று யோசிக்க வேண்டும். இதயத்தின் பம்ப் பலவீனமானவர்களுக்கு டோபுடமைன் (இதயத்தைப் பலமாகத் துடிக்கவைக்கும் மருந்து) ஏற்றி மறுபடி அளப்பார்கள். பம்ப் நன்றாக இருந்தும் எண்கள் முட்டிக்கொண்டால் சி.டி.யில் கால்சியம் ஸ்கோர், அதாவது வால்வில் எவ்வளவு கால்சியம் படிந்திருக்கிறது என்ற எண். இதற்குச் சாய ஊசி வேண்டாம். ஆண்களுக்கு 2000, பெண்களுக்கு 1200 எட்டினால் கடுமையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எக்கோவில் கண்ணை மறைத்த அதே கால்சியம்தான் சி.டி.யில் சாட்சி சொல்ல வருகிறது.

அழுத்த வித்தியாசம் எக்கோவில் 70, கதீட்டரில் (இதயத்துக்குள் குழாய் விட்டு அளப்பது) 50. எது பொய்?

இரண்டும் நிஜம், அளந்தது வேறு வேறு. எக்கோ சொல்வது ஒரே நொடியில் இருந்த உச்ச வித்தியாசம். கதீட்டரில் வழக்கமாகச் சொல்வது இரண்டு உச்சங்களுக்கு (வால்வுக்கு முன்னால் உள்ள அறையின் உச்சம், பின்னால் உள்ள ரத்தக்குழாயின் உச்சம்) இடையிலான வித்தியாசம். சராசரியைச் சராசரியோடு ஒப்பிடுங்கள்.

மைட்ரல் வால்வின் வளையத்தில் கால்சியம். கசிவு "லேசானது" என்கிறார்கள், ஆனால் மாமியாருக்குப் படியேறவே முடியவில்லை.

அந்த "லேசான"தை அப்படியே நம்ப வேண்டாம். கால்சியத்தின் நிழல் கசிவு விழும் அறை மேலேயே படியும். கசிவு நிழலுக்குள் ஒளிந்துகொள்ளும். உணவுக்குழாய் வழியாக எக்கோ எடுத்தால் பின்பக்கத்திலிருந்து அந்த அறையை நேராகப் பார்க்கலாம். உலோக வால்வு வைத்தவர்களுக்கும் இதே கதைதான். மூச்சுவாங்கலுக்கு வேறு காரணம் இருக்கிறதா என்பதையும் கூடவே பார்க்கச் சொல்லுங்கள்.

எத்தனை நாளைக்கு ஒரு முறை எக்கோ?

லேசானது என்றால் 3 முதல் 5 வருடம், நடுத்தரம் 1 அல்லது 2 வருடம், தொந்தரவு இல்லாத கடுமை 6 முதல் 12 மாதம். முடிந்தவரை ஒரே இடத்தில் எடுங்கள், பழைய ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். நடக்கும்போது மயக்கமோ, மார்பில் அழுத்தமோ, புதிதாக மூச்சுவாங்கலோ வந்தால் தேதி பார்க்காமல் அன்றே கிளம்புங்கள்.