வானியல் படிக்க ஆசைப்படும் மகளும் கையில் இருக்கும் போனும்

ஆம்பூரில் நடந்த படிப்பு ஆலோசனை முகாமில் உங்கள் முறை வரும்போது மணி இரண்டரை ஆகிவிட்டது. பின்னால் இன்னும் நிறையப் பேர் காத்திருந்தார்கள். "ராத்திரி பதினொரு மணி வரைக்கும் போனில் கிரகம், நட்சத்திரம்னு பார்த்துக்கிட்டே இருக்கா சார். பத்தாவது பரீட்சை வருது. கேட்டா வானியல்தான் படிப்பேங்கறா. அதைப் படிச்சா சோறு கிடைக்குமா?" என்று கேட்டீர்கள். அன்று அவசரமாகச் சொன்ன பதிலை இப்போது முழுசாக எழுதுகிறேன், அம்மா. மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.

போனைப் பிடுங்க வேண்டாம். அதில் அவள் என்ன செய்கிறாள் என்பதைத்தான் மாற்ற வேண்டும். கருந்துளை, வேற்றுக்கிரகவாசி, பிரபஞ்சத்தின் முடிவு என்று வருகிற வீடியோக்கள் ஆசையைக் கிளப்பிவிடும். அந்த ஆசை வேண்டியதுதான், ஆனால் அது மட்டும் போதாது. நூறு வீடியோ பார்த்த பிள்ளையிடம் பேப்பரும் பேனாவும் கொடுத்து, நிலா ஏன் பூமியில் வந்து விழவில்லை என்று விளக்கச் சொன்னால் பாதியில் நின்றுவிடும். வானியலாளரின் அன்றாட வேலை கணக்கு, இயற்பியல், கம்ப்யூட்டர் இந்த மூன்றும்தான். அந்த வேலை உங்கள் மகளுக்குப் பிடிக்கிறதா என்று பதினைந்து வயதிலேயே செலவில்லாமல் பார்த்துவிடலாம்.

ஸ்டெல்லேரியம் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. கம்ப்யூட்டரில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், போனில் பிரவுசரிலேயே திறக்கலாம். இடம் ஆம்பூர் என்று கொடுத்தால் உங்கள் வீட்டு மொட்டை மாடியில் இந்த நிமிடம் எந்த விண்மீன் எங்கே இருக்கிறது என்று காட்டும். அதில் வியாழனைத் தேடிப் பெரிதாக்கச் சொல்லுங்கள். 1610இல் கலிலியோ பார்த்த நான்கு நிலாக்களும் ஒரே கோட்டில் நிற்பது தெரியும். மூன்று வாரம், தினமும் இரவு எட்டு மணிக்கு அவை நிற்கும் இடத்தை நோட்டில் வரையட்டும். அவற்றில் முதலில் கலிஸ்டோ என்ற நிலாவைப் பிடிக்கட்டும். அது ஒரு சுற்று முடிக்கக் கிட்டத்தட்ட 16.7 நாள் ஆகும் என்பது அவள் வரைந்த படத்திலேயே தெரிந்துவிடும். அயோ என்ற நிலா 1.77 நாளில் சுற்றிவிடும், இரவுக்கு ஒரு தடவை பார்த்தால் குழப்பும். அதற்கு ஸ்டெல்லேரியத்தில் நேரத்தை மணிக்கணக்கில் நகர்த்திப் பார்க்க வேண்டும்.

அப்புறம்தான் விஷயமே இருக்கிறது. அயோ வியாழனிலிருந்து 4.22 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது, இன்னொரு நிலாவான யூரோப்பா 6.71 லட்சம் கிலோமீட்டரில். யூரோப்பாவின் சுற்றுக்காலம் 3.55 நாள். யூரோப்பாவின் காலத்தை அயோவின் காலத்தால் வகுத்து வர்க்கம் எடுக்கட்டும், அதேபோல் தூரங்களை வகுத்துக் கனம் எடுக்கட்டும். இரண்டிலும் 4.02 வரும். இதுதான் கெப்ளரின் மூன்றாம் விதி, ப்ளஸ் ஒன் ஈர்ப்பியல் பாடத்தில் அவள் படிக்கப்போவது. அந்த இரண்டு எண்ணும் ஒன்றாக வந்து நிற்கும்போது அவள் முகத்தைப் பாருங்கள். "கேனிமீடுக்கும் வருமா?" என்று இன்னொரு நிலாவுக்கும் அவளாகவே கணக்கைத் தொடங்கினால், இந்த ஆசையை நீங்கள் நம்பலாம். சலிப்பாக நோட்டை மூடினாலும் பரவாயில்லை, அதுவும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திதான்.

இன்னொன்று ஃபெட் (PhET) என்ற இணையதளம். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இயற்பியல் சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கலாம், சிலவற்றுக்குத் தமிழ் வடிவமும் உண்டு. தனி ஊசல் சோதனையில் பூமி, நிலா, வியாழன் தவிரப் பெயர் இல்லாத ஒரு கோளும் இருக்கும். ஊசலை ஆட்டி, நேரம் குறித்து, அந்தக் கோளின் ஈர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். திரையில் செய்த கையோடு வீட்டிலும் ஒரு மீட்டர் நூலில் சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிடட்டும். போய்த் திரும்பி வருவதை ஒரு ஆட்டமாக எண்ணினால், பத்து ஆட்டத்துக்கு ஏறக்குறைய இருபது விநாடி ஆகும். அதை வைத்துக் கணக்குப் போட்டால் புத்தகத்தில் இருக்கும் 9.8க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். போனில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது, நூலும் கல்லும் வீட்டில் இருக்கின்றன. பள்ளியில் ஆய்வகம் சரியில்லையே என்று நீங்கள் வருத்தப்பட்டீர்கள். அந்தக் குறையில் ஒரு பங்கை இது தீர்க்கும்.

நல்லதெல்லாம் இங்கிலீஷில்தானே இருக்கிறது என்று அவள் தயங்கிச் சொன்னது எனக்கு மறக்கவில்லை. தமிழ்வழிப் பிள்ளைகள் பலர் இந்த இடத்தில்தான் பின்வாங்குகிறார்கள், அறிவு குறைவால் அல்ல. நம் பாடநூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே பாடத்தை இரண்டிலும் திறந்து வைத்துக்கொண்டு, முதலில் தமிழில் புரிந்துகொண்டு, அப்புறம் ஆங்கிலத்தில் படிக்கட்டும். முடுக்கம், உந்தம், ஈர்ப்பு என்று தனக்குத் தெரிந்த ஒவ்வொரு சொல்லுக்கும் ஆங்கிலச் சொல்லை ஒரு நோட்டில் எழுதி வரட்டும். இதை ஒரு வருடம் விடாமல் செய்தால், ஐஐடி பேராசிரியர்கள் என்பிடெல் என்ற இணைய வகுப்புத் தளத்தில் எடுக்கும் வகுப்புகளைப் பின்னால் கேட்கும்போது மொழி பெரிய தடையாக இருக்காது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். குறுங்கோள் கண்டுபிடிக்கலாம், சர்டிபிகேட் தருகிறோம் என்று ஆயிரக்கணக்கில் பணம் கேட்டு யாராவது வந்தால் கொடுக்காதீர்கள். உண்மையான ஆய்வில் பங்கெடுக்கக் காசு தேவையில்லை. ஜூனிவர்ஸ் என்ற இணையதளத்தில் கேலக்ஸி ஜூ என்ற திட்டம் 2007 முதல் நடக்கிறது. கேலக்ஸி எனப்படும் விண்மீன் மண்டலங்களின் படங்களைப் பார்த்து வடிவம் பிரித்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த நெதர்லாந்துப் பள்ளி ஆசிரியை ஹானி வான் ஆர்கெல், அதுவரை யாரும் கவனிக்காத விசித்திரமான ஒரு வாயுத் திரளைக் கண்டுபிடித்தார். அது இன்றும் அவர் பெயரில்தான் அழைக்கப்படுகிறது.

சரி, சோறு விஷயத்துக்கு வருகிறேன். இப்போது நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றே ஒன்றுதான்: ப்ளஸ் ஒன்னில் கணக்கு இல்லாத குரூப்பில் சேர்க்காதீர்கள். நர்சிங், மருத்துவம் என்று யோசித்து பயாலஜி வேண்டும் என்றால், கணக்கும் பயாலஜியும் சேர்ந்த குரூப்பை எடுங்கள். வானியலுக்கு அடிப்படை இயற்பியல் பட்டம், இயற்பியலுக்கு அடிப்படை கணக்கு. ப்ளஸ் டூ முடித்ததும் ஐசர் என்ற மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனங்களுக்கு ஐஏடி நுழைவுத் தேர்வு, அதேபோன்ற புவனேஸ்வரம் நைசருக்கு நெஸ்ட் தேர்வு. விண்வெளிப் படிப்புக்கான திருவனந்தபுரம் ஐஐஎஸ்டி நிறுவனத்தில் வானியலோடு சேர்ந்த இரட்டைப் பட்டமே உண்டு, அதற்கு ஐஐடிக்கு எழுதும் ஜேஇஇ அட்வான்ஸ்ட் தேர்வை எழுத வேண்டும். இவை எதுவும் கிடைக்காவிட்டாலும் வழி அடைபடாது. பக்கத்து ஊர்க் கல்லூரியில் பிஎஸ்சி இயற்பியல் படித்துவிட்டு ஜாம் என்ற எம்எஸ்சி நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடியில் எம்எஸ்சி சேரலாம்.

இது நீண்ட பாதை, அதை மறைக்க மாட்டேன். பள்ளி முடித்துப் பிஎச்டி வாங்க பத்து வருடமாவது ஆகும், முடித்த எல்லோருக்கும் ஆராய்ச்சி வேலை கிடைப்பதில்லை. ஆனால் நீங்கள் பயப்படுவதுபோல அத்தனை வருடமும் நீங்கள் பணம் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தேசிய அளவிலான நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித் தகுதி வாங்கினால் பிஎச்டி படிக்கும்போது அவளுக்கே மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை வரும், 2023 முதல் அந்தத் தொகைதான். ஆராய்ச்சி வேண்டாம் என்று வழியில் இறங்கினாலும், இயற்பியலும் புரோகிராமிங்கும் தெரிந்த பெண்ணுக்கு ஆசிரியர் வேலையும் டேட்டா வேலையும் இருக்கின்றன. அதனால் பத்தாவது லீவில் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியையும் தொடங்கட்டும், அதுவும் இலவசம்தான்.

பொதுத்தேர்வு வரைக்கும் ஸ்டெல்லேரியத்துக்கு ராத்திரி அரை மணி நேரம் போதும், பத்து மணிக்குப் போன் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும். பரீட்சை முடிந்ததும் ஒரு சனிக்கிழமை காவலூர் வானாய்வகத்துக்குக் கூட்டிப் போங்கள். ஜவ்வாது மலையில், உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. 2.34 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் அங்கே நிற்கிறது. பார்வையாளர் நேரத்தை இந்திய வானியற்பியல் மையத்தின் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். உங்கள் வேலை ஷிப்டைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு நீங்களும் கூடப் போங்கள், தனியாக அனுப்ப வேண்டாம். ப்ளஸ் ஒன் விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் ஒரு முறை என்னிடம் வாருங்கள். மார்க் ஷீட்டோடு, வியாழன் நிலாக்களை வரைந்த அந்த நோட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள்.